மக்கள்தொகையில் மிகச் சிறிய ஒரு நாட்டில் சுதந்திரமான புலனாய்வு நாளிதழ் தாக்குப்பிடிக்க முடியுமா? உதாரணம் உண்டா?

உண்டு. இரண்டரை ஆண்டுகள் அப்படி ஒரு நாளிதழைக் காசு கொடுத்து வாங்கிப் படித்தவன் நான். நாடு நமீபியா, பத்திரிகை ‘தி நமீபியன்’. தென்மேற்கு ஆப்பிரிக்காவில் 8,24,000 சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கும் நாட்டைச் சிறியது என்று எப்படிச் சொல்லலாம் என யாராவது சண்டைக்கு வரலாம். பெரும்பகுதி பாலையும் வறண்ட புல்வெளியும்தான். மக்கள் சுமார் 30 லட்சம் பேர். மணல் பத்திரிகை வாங்காது.

தண்ணீர்ப் பம்பு விற்கும் நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதும் வேலைக்காக 2018இல் தலைநகர் வின்ட்ஹூக் போனேன். அங்கே போக்குவரத்து சிக்னலுக்கு ‘ரோபோ’ என்று பெயர். “அடுத்த ரோபோவில் இடது பக்கம் திரும்புங்கள்” என்று முதல் நாள் ஒருவர் வழி சொன்னபோது திருதிருவென்று விழித்தேன். சிவப்பு விளக்கு எரியும் அரை நிமிடத்தில் கார் கண்ணாடியோரம் பத்திரிகையை நீட்டுவார்கள். நான் நமீபியனுக்குப் பழகியது அப்படித்தான்.

அதன் கதையைச் சொன்னவர் என் அலுவலகத்தின் மூத்த ஊழியர். வடக்கே ஒண்டாங்வா பக்கத்துக்காரர். ஓஷிவாம்போ மொழியில் வயதில் மூத்த ஆண்களை ‘டாட்டே’ என்று கூப்பிடுவார்கள். நம் காதுக்குத் தாத்தா போல் ஒலிக்கும், பொருள் அப்பா. அவரை நானும் டாட்டே என்றே அழைத்தேன்.

1985 ஆகஸ்ட் 30 அன்று முதல் இதழ் வந்தபோது நமீபியா தென்னாப்பிரிக்க நிறவெறி அரசின் பிடியில் இருந்தது. தொடங்கியவர் குவென் லிஸ்டர், தென்னாப்பிரிக்காவில் பிறந்த வெள்ளைப் பெண்மணி. அதற்கு முந்தைய ஆண்டுதான் அவருடைய கடிதங்களைப் பிரித்துப் படிக்க அனுமதிக்கும் ரகசிய உத்தரவை அம்பலப்படுத்திக் கைதாகியிருந்தார். ஆகவே பத்திரிகையைப் பதிவுசெய்யப் போனபோது அதிகாரிகள் அவரை நன்றாகவே அறிந்திருந்தார்கள். வழக்கமாக 10 ராண்ட் வாங்கும் இடத்தில் 20,000 ராண்ட் வைப்புத்தொகை கேட்டார்கள். நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தாம்! அவர் நீதிமன்றம் போய் அதை உடைத்தார்.

வெள்ளை வணிகர்கள் விளம்பரம் தர மறுத்தார்கள். அப்போது வார இதழாக இருந்த அந்தப் பத்திரிகை ஐரோப்பிய நன்கொடைகளைக் கொண்டுதான் ஓடியது. செய்திகளோ யாரும் தொடத் துணியாதவை. கூவூட் என்று ஒரு போலீஸ் படை இருந்தது. ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் அந்தச் சொல்லுக்குக் கடப்பாரை என்று பொருள். கொல்லப்பட்டவர்களின் உடல்களை அந்தப் படையினர் கவச வண்டியில் கட்டிக்கொண்டு போன படத்தை நமீபியன் அச்சிட்டது. 1988 ஜூனில் போலீசுக்கு மேலும் அதிகாரம் தரும் ரகசிய வரைவு ஒன்றை வெளியிட்டதற்காக லிஸ்டரைக் குற்றச்சாட்டே இல்லாமல் அடைத்து வைத்தார்கள். அப்போது அவர் நான்கு மாதக் கர்ப்பிணி. அக்டோபரில் அலுவலகத்துக்கே தீ வைத்தார்கள். பத்திரிகை நிற்கவில்லை. 1989இல் நாளிதழாகவும் ஆனது.

“எங்கள் ஊருக்கு ஒரு பிரதி வந்தால் பத்து வீடு சுற்றும். கடைசியாக வாங்கியவனுக்கு எழுத்தே தெரியாது” என்பார் டாட்டே.

1990 மார்ச் 21 அன்று விடுதலை. விடுதலைக்காகப் போராடிய ஸ்வாப்போ கட்சி ஆட்சிக்கு வந்தது, சாம் நுஜோமா குடியரசுத் தலைவரானார். மறு ஆண்டே வின்ட்ஹூக்கில் யுனெஸ்கோ கூட்டிய மாநாட்டில் ஆப்பிரிக்கப் பத்திரிகையாளர்கள் கூடிச் சுதந்திரமான, பன்முகமான பத்திரிகைகளுக்கான பிரகடனத்தை வெளியிட்டார்கள். லிஸ்டருக்கு அதில் முக்கியப் பங்கு உண்டு. மே 3 உலகப் பத்திரிகைச் சுதந்திர நாளாகக் கொண்டாடப்படுவது அந்தப் பிரகடனத்தின் தேதியை வைத்துத்தான்.

அதே ஊரில், பத்தாண்டு முடிவதற்குள், 2000 டிசம்பரில், அதே நுஜோமாவின் அமைச்சரவை நமீபியனுக்கு அரசு விளம்பரம் கிடையாது என்று முடிவெடுத்தது. பிறகு அரசுப் பணத்தில் அதை வாங்கவும் தடை வந்தது. அரசைக் கடுமையாக விமர்சிக்கிறது என்பதுதான் குற்றம். நிறவெறிக் காலத்தில் ‘ஸ்வாப்போவின் ஊதுகுழல்’ என்று ஏசப்பட்ட பத்திரிகை அது! வெள்ளை வணிகர்கள் எடுத்த அதே ஆயுதத்தை, அவர்களை எதிர்த்துப் போராடி வந்தவர்கள் கையில் எடுத்தார்கள். எனக்கு இந்தக் கதையில் எரிந்த அலுவலகத்தைவிட இந்த இடம்தான் அதிகம் உறைத்தது. தீ வைத்தவன் எதிரி என்று தெரியும். விளம்பரத்தை நிறுத்துபவன் மேடையில் உங்களைத் தோழர் என்று அழைத்துக்கொண்டே நிறுத்துவான்.

தடை பத்தாண்டுக்கு மேல் நீடித்து 2011இல்தான் விலகியது. தடை இருந்த காலத்தில் டாட்டே ஒரு அரசு அலுவலகத்தில் இருந்தாராம். மேலதிகாரி தினமும் காலையில் சொந்தக் காசைக் கொடுத்து நமீபியன் வாங்கிவரச் சொல்வார். அரசின் நாளிதழான ‘நியூ இரா’வுக்குள் மடித்து வைத்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். “நியூ இராவை அவர் பிரித்து நான் பார்த்ததே இல்லை” என்று சிரிப்பார்.

எப்படிப் பிழைத்தது என்றால், முதலில் இந்த மாதிரிச் சில்லறைக் காசு. தனியார் விளம்பரம் அதற்குள் வளர்ந்திருந்தது. இன்னொன்று, பத்திரிகை தனி முதலாளி யாருக்கும் சொந்தம் இல்லை, ஓர் அறக்கட்டளையின் உடைமை. விலைபேசி வாங்க நினைத்தாலும் யாரிடம் போய்ப் பேசுவது? வாசகர்கள் அனுப்பும் குறுஞ்செய்திகளுக்கு ஒரு பகுதி ஒதுக்கியதும் நல்ல யோசனை. தண்ணீர் வரவில்லை, ஆசிரியர் வரவில்லை, மந்திரி தூங்குகிறார் என்று ஊர்ப்பேச்சு முழுவதும் அங்கே இருக்கும். நான் முதலில் திருப்பும் பக்கம் அதுதான்.

குறை சொல்லவும் இடம் உண்டு. விடுதலைப் போரின்போது ஸ்வாப்போ தன் ஆட்களையே உளவாளிகள் என்று சொல்லி அங்கோலாவின் லுபாங்கோவில் நிலவறைகளில் அடைத்து வைத்தது. அதைப் பற்றி நமீபியன் போதிய அளவு எழுதவில்லை என்று மனம் கசந்தவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கசப்பை நியாயமானது என்றே நினைக்கிறேன்.

2019 நவம்பருக்கு வருகிறேன். தேர்தலுக்கு இரண்டு வாரம் இருந்தது. ஐஸ்லாந்தின் சம்ஹெர்யி என்ற மீன்பிடி நிறுவனத்தின் ஆவணங்கள், ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் தளத்தில் 30,000க்கு மேல் வெளிவந்தன. கொடுத்தவர் அந்த நிறுவனத்தில் பணியாற்றிய யோஹானஸ் ஸ்டெஃபான்சன். ஐஸ்லாந்துப் பத்திரிகையாளர்கள், அல் ஜசீரா ஆகியோருடன் நமீபியனும் சேர்ந்து செய்தியை வெளியிட்டது. நமீபியக் கடலில் பாரை இனத்து மீனைப் பிடிக்க யாருக்கு எவ்வளவு ஒதுக்கீடு என்பதை அரசுதான் முடிவு செய்யும். அந்த ஒதுக்கீடு லஞ்சத்துக்குக் கைமாறியது என்பது குற்றச்சாட்டு. மீன்வளத் துறை அமைச்சர் பெர்ன்ஹார்ட் ஏசாவும் நீதித் துறை அமைச்சர் சாக்கி ஷங்காலாவும் உடனே பதவி விலகினார்கள், அந்த மாதமே கைதும் ஆனார்கள். இருவரும் குற்றத்தை மறுத்தார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

அந்த வாரம் ரோபோவில் எனக்குப் பிரதி கிடைக்கவில்லை, தீர்ந்துவிட்டது. டாட்டேயிடம் ஒன்று இருந்தது. வாழ்நாள் முழுவதும் ஸ்வாப்போவுக்கு வாக்களித்தவர் அவர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவதும் போடுவதுமாக முதல் பக்கத்தை இரண்டு முறை படித்தார். பிறகு மடித்து என்னிடம் தள்ளிவிட்டு, எதுவும் பேசாமல் தேநீர் போடப் போனார்.

27ஆம் தேதி தேர்தல். 2014இல் 87 சதவீதம் வாங்கிய ஸ்வாப்போவின் குடியரசுத் தலைவர் ஹாகே கைங்கோப் 56 சதவீதத்தில்தான் வென்றார். டாட்டே யாருக்குப் போட்டார் என்று இரண்டு மூன்று முறை கேட்டுப் பார்த்தேன். நான் ஊர் திரும்பும் வரை சொல்லவில்லை.