சிங்கப்பூரில் கில்ட் தைக்கச் செலவு கட்டுப்படியாகவில்லை, எப்படிக் குறைப்பது?

கில்ட் என்றால் மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவே ஒரு அடுக்கு வைத்துத் தைக்கும் போர்வை. துணி, உள்ளே வைக்கும் பேட்டிங் (பஞ்சு விரிப்பு), நூல் எல்லாம் சேர்த்தால் கடையில் தயாராக விற்கும் போர்வை இரண்டு வாங்கிவிடலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். புதுத் துணியை மீட்டர் கணக்கில் வாங்கினால் அப்படித்தான் ஆகும். நானும் முதல் இரண்டு வருடம் ஸ்பாட்லைட் துணிக்கடையில் பணத்தைக் கொட்டியவள்தான்.

எனக்குப் புத்தி வந்தது அம்மாவின் பழைய சுங்குடிப் புடவையால். போர்வைக்கு அடித்துணிதான் பெரிய செலவு, அதிக ஒட்டில்லாமல் அகலமாக வேண்டும். ஒரு பருத்திப் புடவை ஐந்தரை மீட்டர் நீளம், ஒன்றேகால் கஜம் அகலம். அதைக் குறுக்கே சரிபாதியாக வெட்டி, நீளவாக்கில் பக்கத்தில் பக்கம் வைத்து இணைத்தால் இரண்டே முக்கால் மீட்டருக்கு இரண்டு மீட்டருக்கு மேல் கிடைக்கும். குவீன் கட்டிலுக்கே போதும், நடுவில் ஒரே ஒரு தையல். வெட்டுவதற்கு முன் புடவையை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இடுப்பில் செருகும் இடமும் ஃபால்ஸ் தைத்த ஓரமும்தான் முதலில் நைந்து போகும். சாயம் போகிறதா என்று வெள்ளை வாளியில் ஒரு இரவு ஊறவைத்தும் பார்த்துவிடுங்கள்.

இந்த ஊர் வெக்கைக்குத் தடித்த பேட்டிங் எதற்கு என்று எனக்குப் புரிந்ததே இல்லை. இன்னொரு பழைய புடவையையோ நைந்த ஃபிளானல் போர்வையையோ உள்ளே வைத்துத் தையுங்கள். ஏர்கான் அறைக்கு அது தாராளம். நம் பாட்டிகள் பிள்ளைகளுக்குப் பழம்புடவையை மடித்து மடித்துத் தைத்துப் போட்டது இதே கில்ட்தான், பெயர்தான் இல்லை.

மேல்துணிக்கு ஆண்களின் பருத்திச் சட்டை. அப்பர் புக்கிட் தீமா சாலையில் சால்வேஷன் ஆர்மியின் பிரெய்ஸ்ஹேவன் கடை, வாட்டர்லூ ஸ்ட்ரீட்டில் நியூ2யூ என்று பழைய துணி விற்கும் இரண்டு இடத்துக்கு நான் போவேன். சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017இல் மூடியதிலிருந்து அந்த மாதிரி பேரம் பேசும் சுகம் மட்டும் போச்சு. பெரிய சைஸாக எடுங்கள். எக்ஸ்எல் சட்டையின் முதுகுத் துண்டில் மட்டும் ஐந்து அங்குலச் சதுரம் பதினெட்டு, இருபது தேறும். லேபிள் இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்து ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, சிங்க்கில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசம், தொட்டால் உதிரும் சாம்பல். பாலியஸ்டர் உருகிக் கருப்பு மணியாகக் கெட்டிப்படும்.

தேக்கா சந்தை மேல்மாடியில் பிளவுஸ் தைக்கும் அக்கா ஒருவரிடம் முதல்முறை தயங்கித் தயங்கித்தான் வெட்டுத்துண்டு கேட்டேன். "குப்பைக்குப் போறதுதானே, பையோட எடுத்துக்கிட்டுப் போம்மா" என்றார். டூ பை டூ பிளவுஸ் துணி, லைனிங் துணி எல்லாம் நல்ல பருத்தி. சரிகை வைத்த துண்டுகளை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள், சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் சுருங்கிவிடும். தீபாவளிக்கு அவருக்கு ஒரு டப்பா முறுக்கு கொடுக்கிறேன், கணக்கு நேர்.

சிக்கனம் பார்க்கக் கூடாதது நூலில். யாரோ விற்ற பழைய நூல்கண்டுகள் ஒரு பை நிறைய, மலிவாக வாங்கினேன். நிறங்கள் அவ்வளவு அழகு. அதில் ஒரு குழந்தைப் போர்வை தைத்துப் பரிசாகவும் கொடுத்துவிட்டேன். மூன்றாவது துவையலில் தையல் எல்லாம் பல்லை இளிக்க, அவர்கள் சங்கடப்பட்டுக்கொண்டே படம் அனுப்பினார்கள். இங்குள்ள ஈரக்காற்றில் வருடக்கணக்கில் கிடந்த பருத்தி நூல் உளுத்துவிடும். ஒரு முழம் உருவிச் சுண்டி இழுங்கள். சத்தமில்லாமல் அறுந்தால் அதை டாக்கிங் (தற்காலிகத் தையல்) போடக்கூட வைக்காதீர்கள். பழைய எலாஸ்டிக்கும் அப்படித்தான். ஊசியும் புதிதாக இருக்கட்டும், சட்டைத் துணிக்கு 80/12 சரி.

மற்றதெல்லாம் வீட்டிலேயே இருக்கிறது. கருந்துணியில் கோடு போடக் கரைந்து மெலிந்த சோப்பு, அச்சு வெட்ட மைலோ அட்டை, சட்டையிலிருந்து கழற்றிய பொத்தான்களுக்கு பிஸ்கட் டின்.

ஒரே தொல்லை இடம். நான் தைப்பது புளோக் முழுக்கத் தெரிந்துவிட்டதால், பழைய சாமான் வாங்க வரும் கராங்குனிக்காரரின் ஹார்ன் கேட்பதற்கு முன்பே பழைய துணியோடு என் கதவைத் தட்டிவிடுகிறார்கள். போன மாதம் மூன்று திரைச்சீலை வந்தது. ஒன்று தையல் இயந்திரத்துக்கு உறை ஆனது. மற்ற இரண்டும் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன, உட்லண்ட்ஸ் பக்கம் யாராவது பை தைக்கிறீர்கள் என்றால் சொல்லுங்கள்.