கலிபோர்னியாவில் வீட்டுக்குப் பின்னால் ஏடியூ (ADU, அதே மனையில் கூடுதலாக ஒரு சிறு வீடு) கட்ட வேண்டும். ஊருக்கு ஊர் பர்மிட் விதிகளை எப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது?

வீடு வாங்க இரண்டு மூன்று ஊர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், பெற்றோர் வந்து தங்கப் பின்னால் ஒரு சிறு வீடும் கட்டும் எண்ணம் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அதே வேலையில் இறங்கியவன்தான். முதலில் நான் செய்த வெட்டி வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து ஊர்களின் விதிகளை எக்செல்லில் வரிசையாக அடித்து வைத்தேன். பாதிக் கட்டங்களில் ஒரே பதில்.

காரணம், பெரிய விஷயங்களை மாநிலமே முடிவு செய்துவிட்டது. 2020-ல் நடைமுறைக்கு வந்த சட்டங்களுக்குப் பிறகு, பக்கவாட்டிலும் பின்னாலும் 4 அடி விட்டு, 16 அடி உயரத்துக்குள் 800 சதுர அடி வரை கட்டுவதை, மனையில் இடம் போதாது என்ற கணக்கைக் காட்டி நகரம் மறுக்க முடியாது. கேரேஜை வீடாக மாற்றினால் போகும் பார்க்கிங்குக்கு ஈடு கேட்கக் கூடாது. அக்கம்பக்கத்தாரைக் கூட்டிக் கருத்துக் கேட்கும் பொது விசாரணையும் கிடையாது. இதையெல்லாம் ஒப்பிட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். (இது கலிபோர்னியாக் கதை. மாசசூசெட்ஸில் 2025 பிப்ரவரியில்தான் 900 சதுர அடி வரை இப்படி வழி திறந்தது. டெக்சாஸில் 2023-ல் வந்த மசோதா நிறைவேறவில்லை.)

ஊருக்கு ஊர் முக்கியமாக மாறுவது கட்டணமும், பிளான் செக் (வரைபடம் விதிப்படி இருக்கிறதா என்று நகரம் சரிபார்ப்பது) செய்பவர்களின் வேகமும்தான். 750 சதுர அடிக்குக் குறைந்த ஏடியூவுக்கு இம்பாக்ட் ஃபீ (புது வீட்டால் சாலை, பூங்கா போன்ற ஊர் வசதிகளுக்குக் கூடும் சுமைக்கான கட்டணம்) வாங்கக் கூடாது. அதைத் தாண்டினால் பிரதான வீட்டின் அளவோடு ஒப்பிட்டு, அந்த விகிதத்தில் வாங்கலாம். என் வரைபடம் 780-ல் இருந்தது. துணி அலமாரியையும் நடைவழியையும் சுருக்கி 745-க்குக் கொண்டுவந்தேன். அம்மாவுக்கு அதில் இன்றும் வருத்தம்தான். பிளான் செக் கட்டணம், தண்ணீர், சாக்கடை இணைப்புக் கட்டணம் எல்லாம் வேறு கணக்கு. ஊருக்கு ஊர் வித்தியாசம் தெரிவது அங்கேதான்.

விண்ணப்பம் முழுமையாக இருந்தால் 60 நாளில் சரி அல்லது முடியாது என்று சொல்லியாக வேண்டும், மறுத்தால் குறைகள் மொத்தத்தையும் எழுதித் தர வேண்டும் என்பதும் மாநிலச் சட்டம். ‘முழுமையாக’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் மாதங்கள் கரைகின்றன. வேலிதான் எல்லை என்று நம்பி, டேப் பிடித்து 4 அடி அளந்து வரைபடம் கொடுத்தேன். சர்வே கேட்டார்கள். சர்வேயர் வந்து மண்ணுக்குள்ளிருந்த, எல்லையின் மூலையைக் குறிக்கும் இரும்புக் குழாயைத் தோண்டிக் காட்டினார். வேலி பக்கத்து மனைக்குள் 9 அங்குலம் தள்ளி நின்றது. ஆக, என் 4 அடி உண்மையில் 3 அடி 3 அங்குலம்! அஸ்திவார வரைபடத்தை மறுபடி போட்டோம்.

இன்னொன்று, செட்பேக்குக்கு (எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளிக்கு) 4 அடி போதும். ஆனால் கட்டட விதிப்படி, ஸ்ப்ரிங்க்ளர் (தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் குழாய்) இல்லாத வீட்டில் எல்லைக்கு 5 அடிக்குள் வரும் சுவர் ஒரு மணி நேரம் தீயைத் தாங்க வேண்டும், ஜன்னலும் சுவரில் கால்வாசிக்கு மேல் கூடாது. எப்படியும் மாற்றி வரைகிறோமே என்று 5 அடியாகவே தள்ளிவிட்டேன். சமையலறை ஜன்னல் பிழைத்தது.

பிற்பாடு விற்கும் யோசனை இருந்தால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஏடியூவைப் பிரதான வீட்டிலிருந்து பிரித்துத் தனியாக, காண்டோ (தனித்தனி உரிமையுள்ள ஃபிளாட்) போல விற்க விடுவது நகரத்தின் விருப்பம். சான் ஹோசே 2024-ல் அதற்கு ஒத்துக்கொண்டது. பக்கத்து ஊரும் அப்படியே என்று நினைத்துவிடாதீர்கள். மாதக் கணக்கில் வாடகைக்கு விடலாம், ஆனால் 30 நாளுக்குக் குறைவாக விட நகரம் தடை போடலாம். ஏர்பிஎன்பி கணக்குப் போட்டிருந்தால் இப்போதே அழித்துவிடுங்கள்.

அப்புறம், ஒவ்வொரு ஊரின் பர்மிட் கவுண்டருக்கும் நேரில் போங்கள். முன்பே ஒப்புதல் பெற்ற வரைபடம் இருக்கிறதா, முதல் சுற்றுக் குறைகள் வர எத்தனை வாரம், பழைய சாக்கடைக் குழாயைக் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்வார்களா, இந்த மூன்றையும் கேளுங்கள். எங்கள் ஊரில் மூன்றாவதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. குழாயில் மரவேர் இருந்தது, மாற்ற நான்கு வாரம் போனது.