மேடுபள்ளச் சுவர்: பட்டியா, ஜிப்சமா, சிமென்டா?

கேள்வி: எங்கள் படுக்கையறையில் விளக்கைப் போட்டால் சுவரில் அலை அலையாக நிழல் விழுகிறது. பெயின்டர் ‘ரெண்டு கோட் பட்டி (வால் புட்டி) போதும்’ என்கிறார். கொத்தனார் சிமென்ட் பூச்சுதான் நிற்கும் என்கிறார். கடையில் ஜிப்சம் பூச்சுத்தூள் வாங்கச் சொல்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: மூவரும் அவரவர் கைப்பழக்கத்தைச் சொல்கிறார்கள். பள்ளம் எத்தனை மில்லிமீட்டர் என்று யாராவது அளந்தார்களா? உங்கள் கடிதத்திலும் அது இல்லையே!

ஆறடி மட்டப்பலகையைச் சுவரில் படுக்கையாக, செங்குத்தாக, குறுக்காக வைத்துப் பாருங்கள். இடுக்கு தெரியும் இடத்தில் ஸ்கேலை நுழைத்து, ஆழத்தைப் பென்சிலால் சுவரிலேயே குறித்துவிடுங்கள். 2 மில்லிமீட்டருக்குள் என்றால் பெயின்டர் சொல்வது சரி. அதற்கு மேல் பட்டியை அப்பினால் காயும்போதே வெடிக்கும், பிறகு ஏடு ஏடாக உரியும். பட்டி மேல்மெருகுக்கு மட்டும்தான்.

6 முதல் 15 மில்லிமீட்டர் வரை என்றால், உள்சுவருக்கு என் ஓட்டு ஜிப்சத்துக்கு. பூசிய பிறகு நாள்கணக்கில் தண்ணீர் காட்ட (நனைத்துவர) வேண்டாம். சுருங்கி வெடிப்பதும் குறைவு. ஆனால் சுமார் அரைமணியில் இறுகிவிடும். இறுகத் தொடங்கிய கலவையில் தண்ணீர் விட்டு மறுபடி குழைக்கிறார் என்றால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். அந்தக் கலவைக்கு வலு இருக்காது. வாளியையும் ஒவ்வொரு முறையும் கழுவச் சொல்லுங்கள். பழைய கலவை ஒட்டியிருந்தால் புதியது இன்னும் சீக்கிரம் இறுகும்.

அந்தச் சுவருக்குப் பின்னால் குளியலறை இருக்கிறதா? இருந்தால் முதலில் சுவரில் ஓதம் (ஈரக்கசிவு) இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஒருநாள் விட்டுப் பிரியுங்கள். தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஜிப்சம் கூடவே கூடாது. கசிவை அடைத்து, சுவரைக் காயவிட்டு, சிமென்ட் ஒன்றுக்கு மணல் ஆறு என்று பூசலாம். கசிவை அடைக்காமல் பூசினால் எந்தப் பூச்சும் தண்டம். பள்ளம் 20 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஒரே தடவையில் ஏற்றாமல் இரண்டு பூச்சாக ஏற்ற வேண்டும். முதல் பூச்சு ஈரமாக இருக்கும்போதே கரணையால் கீறிவிட்டால்தான் அடுத்தது பிடிக்கும். ஏழு நாள் தண்ணீர் காட்டுங்கள்.

பழைய சுண்ணாம்புப் பூச்சு என்றால் இந்தக் கணக்கு செல்லாது. மெத்தென்ற சுண்ணாம்பின் மேல் கெட்டியான சிமென்ட் ஏறினால் அடிப்பூச்சையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு விழும். அதற்குச் சுண்ணாம்புக் கலவைதான்.

எதைப் பூசினாலும், முந்தின நாள் சுவர் முழுக்கக் கரணைப்பிடியால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று சத்தம் கேட்கும் இடத்தையெல்லாம் பெயர்த்தெடுத்துவிடுங்கள். எனாமல் பெயின்ட் அடித்திருந்தால் சுரண்டி, கொத்திவிட வேண்டும். வழவழப்பில் எதுவும் ஒட்டாது.