ஒரே விடை இல்லாத கணக்கு

அன்புள்ள ஐயா,

நான் வணிகவியல் இளங்கலை இறுதியாண்டு மாணவி. குறிப்பேட்டுப் பதிவு, பேரேடு, இருப்புநிலைக் குறிப்பு எல்லாம் எனக்குக் கைவந்தவை. இரு பக்கமும் சமமாகும்போது வரும் நிம்மதிக்காகவே இந்தப் படிப்பை எடுத்தேன். இந்தப் பருவத்தில் நிதிக் கணக்கியல் கோட்பாடும் சமகால அறிக்கையிடல் சிக்கல்களும் என்று ஒரு தாள். எதற்கும் ஒரே விடை கிடையாது. ஒரு கோட்பாடு சொல்வதை அடுத்தது மறுக்கிறது. வேலைக்குப் போனபின் கணக்கியல் தரநிலை சொல்வதைத்தானே செய்யப்போகிறோம்? பிறகு இது எதற்கு? பிட்காயின் போன்ற மெய்நிகர் நாணயங்களைப் பற்றிக் கட்டுரை எழுத நினைக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

க.

அன்புள்ள க.,

"தரநிலை சொல்வதைத்தானே செய்யப்போகிறோம்" என்ற உங்கள் வரியை நான் ஏற்கவில்லை. தரநிலை வானத்திலிருந்து விழுவதில்லை. சிலர் கேட்டு, சிலர் எதிர்த்து, தரநிலை வாரியத்தில் வாக்கெடுத்து எழுதப்படுவது அது. மாற்றுக் கருத்துள்ள உறுப்பினர்களின் மறுப்பும் அதோடு சேர்ந்தே அச்சாகிறது. தரநிலை மாறும்போது, நிறுவனத்தில் ஒரு துரும்புகூட நகராமலேயே அதன் கடனும் இலாபமும் மாறிவிடுகின்றன. ஏன் மாறின, யாருக்காக மாறின என்று கேட்கக் கற்றுத்தருவதுதான் இந்தத் தாள்.

குத்தகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிறுவனம் ஓர் இயந்திரத்தை 5 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு எடுக்கிறது. ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் 100 தர வேண்டும். பழைய முறையில் இதை வெறும் வாடகையாகக் காட்டினால் ஆண்டுக்கு 100 செலவு. இருப்புநிலைக் குறிப்பில் கடன் என்று எதுவும் வராது. 2019இல் நடைமுறைக்கு வந்த, குத்தகைக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஎஃப்ஆர்எஸ் 16இன்படி, வட்டி 8 சதவீதம் என்றால், தர வேண்டிய 500இன், வட்டியைக் கழித்த இன்றைய மதிப்பு ஏறத்தாழ 399. அது முதல் நாளே ஒரு பக்கம் பொறுப்பாகவும் மறு பக்கம் பயன்பாட்டு உரிமை என்ற சொத்தாகவும் ஏறிவிடுகிறது. முதலாண்டில் வட்டி 32, தேய்மானம் 80, ஆக 112 செலவு. ஐந்தாம் ஆண்டில் 87தான். இரு முறைகளிலும் மொத்தம் 500. கையைவிட்டுப் போகும் பணமும் அதேதான். எந்த ஆண்டின் இலாபம் சரி? போட்டுப் பாருங்கள், தாளில் ஒருமுறை கணக்கிட்டால்தான் இந்தக் கேள்வி உறைக்கும்.

பன்னாட்டுக் கணக்கியல் தரநிலை வாரியத்தின் தலைவராக இருந்த டேவிட் ட்வீடி, சாவதற்குள் ஒரு விமான நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பில் உள்ள விமானத்தில் பறந்துவிட வேண்டும் என்று சொன்னது கணக்கியல் உலகில் பிரசித்தம். அவ்வளவு விமானங்கள் வாடகைக் கணக்கில் ஒளிந்திருந்தன. அமெரிக்காவுக்கெனத் தரநிலை எழுதும் வாரியமும் பன்னாட்டு வாரியமும் இதற்காகப் பல ஆண்டுகள் சேர்ந்து உழைத்து, 2016 தொடக்கத்தில் ஆளுக்கொரு தரநிலையை வெளியிட்டன. கடனைக் காட்ட வேண்டும் என்பதில் இரண்டும் ஒன்று. ஆனால் அமெரிக்க முறையில், வாடகை போன்ற குத்தகைகளுக்கு ஆண்டுச் செலவு முன்போலவே சமமாக 100. ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியவர்களே இரண்டு விடைகளோடு எழுந்திருக்கிறார்கள் என்றால், தரநிலையைப் பின்பற்றினால் போதும் என்று எப்படிச் சொல்வது?

கோட்பாடுகள் ஒன்றையொன்று மறுக்கின்றன என்கிறீர்கள். பல நேரங்களில் அவை வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்கின்றன. தரநிலைகளுக்கு அடித்தளமான கருத்தியல் சட்டகம், சொத்து என்றால் என்ன என்று வரையறுத்து, அறிக்கை எப்படி இருக்க வேண்டும் என்கிறது. 1978 முதல் கணக்கியல் ஆய்வாளர்கள் வாட்ஸும் ஜிம்மர்மனும் கேட்டது வேறு: மேலாளர்கள் ஏன் ஒரு முறையை ஆதரித்து இன்னொன்றை எதிர்க்கிறார்கள்? ஊக்கத்தொகை இலாபத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. வங்கியின் கடன் ஒப்பந்தம் கடன் அளவுக்கு வரம்பு வைத்திருக்கிறது. பெரிய இலாபம் அரசின் கண்ணை உறுத்துகிறது. குத்தகை இருப்புநிலைக் குறிப்புக்கு வருவதை யார் எதிர்ப்பார்கள் என்பதை இதை வைத்தே ஊகித்துவிடலாம். உண்மையாகவே மோதுகிறவையும் உண்டு. எதையும் இன்று விற்றால் கிடைக்கும் விலையில் காட்ட வேண்டும் என்றார் கணக்கியல் கோட்பாட்டாளர் ரே சேம்பர்ஸ். அப்படியானால், ஒரு நிறுவனத்துக்கென்றே வடிவமைக்கப்பட்ட, வேறு யாரும் வாங்காத இயந்திரத்தின் மதிப்பு, அது நாள் முழுதும் ஓடினாலும், ஏறக்குறைய பூஜ்யம். வாங்கிய விலையிலேயே காட்ட வேண்டும் என்னும் அடக்கவிலைக்காரர்கள் இதை ஒருபோதும் ஒப்பமாட்டார்கள்.

வேலைக்கு எதற்கு என்றீர்களே, அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸைப் பாருங்கள். 105 மதிப்புள்ள பத்திரங்களைக் கொடுத்து 100 ரொக்கம் வாங்குவது, சில நாள் கழித்து அவற்றைத் திரும்ப வாங்கிக்கொள்வது. யார் பார்த்தாலும் இது கடன். ஒரு விதியின் வாசகத்தைப் பிடித்துக்கொண்டு அதை விற்பனை என்று எழுதினார்கள். 2008இல், வீழ்வதற்குச் சில மாதங்கள் முன்பு, காலாண்டு முடிவில் ஏறத்தாழ 5,000 கோடி டாலர் இப்படி இருப்புநிலைக் குறிப்பிலிருந்து காணாமல் போனது. அங்கே பதிவு போடத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. பரிவர்த்தனையின் வடிவத்தைப் பார்ப்பதா, சாரத்தைப் பார்ப்பதா என்று உங்கள் ஆசிரியர் முதல் வகுப்பிலேயே கேட்டிருப்பார். அந்தக் கேள்வியை உரிய இடத்தில் உரக்கக் கேட்பவர்தான் அங்கே தேவைப்பட்டார்.

மெய்நிகர் நாணயம் நல்ல தலைப்பு. விலை ஏறிய செய்தி, இறங்கிய செய்தி எதையும் எழுதாதீர்கள். பன்னாட்டுத் தரநிலைகளுக்கு விளக்கம் தரும் குழு 2019இல் எடுத்த முடிவிலிருந்து தொடங்குங்கள். மெய்நிகர் நாணயம் பணமல்ல, நிதிச் சொத்துமல்ல. வணிகத்தில் விற்பதற்காக வைத்திருந்தால் சரக்கிருப்பு, மற்றபடி காப்புரிமை போலத் தொட்டறிய முடியாத புலனாகாச் சொத்து என்றது அந்தக் குழு. அடக்கவிலை முறையைத் தேர்ந்தவர், விலை விழுந்தால் நட்டம் எழுத வேண்டும். வாங்கிய விலைக்கு மேல் ஏறினால் எழுத முடியாது. அமெரிக்காவிலும் கிட்டத்தட்ட அதே நிலைதான் இருந்தது. 2023 டிசம்பரில் வெளியான மாற்றம் நியாய மதிப்பை, அதாவது அன்றைய சந்தை விலையைக் கொண்டுவந்து, ஏற்றம் இறக்கம் இரண்டையும் இலாபத்தில் சேர்க்கச் சொன்னது. இப்போது ஒரே நாணயத்தை ஒரே நாளில் வாங்கிய இரண்டு நிறுவனங்கள், ஆண்டு முடிவில் வெவ்வேறு இலாபம் காட்டலாம். அந்த இரண்டையும் ஒரு சிறு எண்கணக்கால் முதல் பக்கத்திலேயே காட்டிவிடுங்கள். பிறகு, மாற்றத்தை வரைவாக வெளியிட்டபோது அமெரிக்க வாரியத்துக்கு வந்த கருத்துக் கடிதங்களைப் படியுங்கள். அவை பொதுவில் கிடைக்கின்றன. நாணயம் வைத்திருக்கும் ஒரு நிறுவனம், ஒரு தணிக்கை நிறுவனம், ஒரு முதலீட்டாளர் அமைப்பு என மூன்று கடிதங்கள் போதும். யார் எந்தக் காரணத்தைச் சொன்னார்கள், எந்தக் காரணத்தைச் சொல்லாமல் விட்டார்கள் என்று குறித்துவையுங்கள். எழுதி முடித்ததும் எனக்கும் அனுப்புங்கள், படிக்க விரும்புகிறேன்.