செய்கூலியும் சேதாரமும் திரும்பி வராது: ரெப்ளிகா மஸில் கார் விலை, கேள்வி பதில்

போன வாரம் சிங்கப்பூர் தேக்கா காப்பிக்கடையில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "பழைய அமெரிக்க மஸில் கார் (பெரிய எஞ்சின் வைத்த வேகக் கார்) நகலுக்கு என்ன விலை போடலாம் என்று கேளுங்கள், சொல்கிறேன்" என்றேன். நாற்பது கேள்விக்கு மேல் வந்துவிட்டது. அதில் பாதி ஒரே கேள்வி. கேட்டவர்களைப் பெயருக்குப் பதில் அவரவர் பேட்டையால் குறித்திருக்கிறேன்.

நான் 31 வருடம் காப்புறுதி சர்வேயராக இருந்தவன். சின் மிங், காக்கி புக்கிட் ஒர்க்‌ஷாப் தரையெல்லாம் முழங்காலுக்குத் தெரியும். மஸில் கார் பைத்தியம் அதற்கும் முன்பே பிடித்தது. தொடங்குமுன் ஒன்று: உருவத்தை அடியிலிருந்து புதிதாகச் செய்தால் ரெப்ளிகா. அதே காலத்துச் சாதாக் காரை உசத்தி மாடலாக மாற்றினால் குளோன். இரண்டுக்கும் விலை போடும் வழி வேறு.

தெம்பனிஸ்: மாமனார் பெர்த்தில் காலமானார். 2004-இல் அவரே கட்டிய 427 கோப்ரா ரெப்ளிகா (427 கன அங்குல எஞ்சின் வைத்த அறுபதுகளின் ஷெல்பி ஸ்போர்ட்ஸ் காரின் நகல்) வீட்டில் நிற்கிறது. 1,40,000 ஆஸ்திரேலிய டாலர் செலவழித்ததாக நோட்டில் எழுதியிருக்கிறார். மாமியார் விற்கச் சொல்கிறார். என்ன கேட்கலாம்?

வருத்தங்கள். நோட்டுப் புத்தகத்தைப் பத்திரமாக வையுங்கள், ஆனால் அதிலிருக்கும் கூட்டுத்தொகையை மறந்துவிடுங்கள். சிராங்கூன் ரோட்டில் நகை வாங்கும்போது செய்கூலியும் சேதாரமும் கொடுக்கிறோம். அதே நகையைத் திருப்பி விற்கப் போனால் கடைக்காரர் எடையை மட்டும்தான் பார்ப்பார். காரும் அப்படித்தான். மாமனாரின் ஞாயிற்றுக்கிழமைகள் செய்கூலி. அது திரும்பி வராது.

அசல் விலையையும் மறந்துவிடுங்கள். முதல் கோப்ராவான சிஎஸ்எக்ஸ் 2000, 2016-இல் 13.75 மில்லியன் அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது. 1962 முதல் 1967 வரை செய்தவை ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. இன்று சாலையில் பார்ப்பதில் மிகப் பெரும்பாலானவை ரெப்ளிகாதான். அதில் உங்களுக்கு ஒரு நன்மை உண்டு. கோப்ரா என்றதும் வாங்குபவர் ரெப்ளிகா என்றுதான் எடுத்துக்கொள்வார், ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்ற சந்தேகம் வராது. அதற்கென்று தனிச் சந்தையே இருக்கிறது.

அந்தச் சந்தையில் முதல் கேள்வி "யார் கட்டியது?" சூப்பர்ஃபார்மன்ஸ், பேக்டிராஃப்ட் இரண்டும் தென்னாப்பிரிக்காவில் தொழிற்சாலையிலேயே கோத்து வருபவை, அதனால் ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இருக்காது. கர்க்கம் என்றால் அலுமினிய உடல்; போலந்தில் போர்விமானம் செய்த ஆலையில் தட்டத் தொடங்கியவை, விலையும் தனி. ஃபேக்டரி ஃபைவ் மாதிரி பெட்டியில் வரும் கிட் என்றால் கட்டியவர் கைதான் விலை. ஒரே கிட்டில் ஒரு கார் தங்கமாக இருக்கும், இன்னொன்றில் கதவைச் சாத்தினால் தகர டப்பா சத்தம் வரும்.

இரண்டாவது எஞ்சின். 427 என்று பக்கத்தில் பேட்ஜ் ஒட்டியிருந்தால் போதாது. பல ரெப்ளிகாக்களில் இருப்பது ஃபோர்டின் 351 விண்ட்சர். அதன் ஸ்ட்ரோக்கை, அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தை, கூட்டி 427 கன அங்குலம் ஆக்கியிருப்பார்கள். கெட்ட எஞ்சின் இல்லை, ஆனால் விலை வேறு. அந்தக் காலத்து உண்மையான 427 என்றால் பிளாக்கின் அடிப்பக்கத்தில் இரண்டு பக்கமும் குறுக்கே போல்ட் தலைகள் வரிசையாகத் தெரியும். டார்ச் அடித்துப் பாருங்கள். (அசல் கோப்ராக்களிலேயே சிலவற்றில் மலிவான 428-ஐப் போட்டு அனுப்பினார்கள் என்பது கூடுதல் தமாஷ்.)

மூன்றாவதுதான் பலர் கோட்டைவிடுவது: காகிதம். ஆஸ்திரேலியாவில் இது 'தனிநபர் கட்டிய வாகனம்' என்ற கணக்கில் பொறியாளர் சான்றிதழுடன் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு இன்னும் உயிரோடு இருந்தால் அதுவே பாதி பலம். காலாவதியாக விட்டுவிட்டு மறுபடி வாங்கலாம் என்று நினைக்காதீர்கள், முதலில் அதைப் புதுப்பியுங்கள். பிறகு அதே கிட், அதே வகை எஞ்சின் வைத்த மூன்று கார்கள் ஆஸ்திரேலியாவில் என்ன விலைக்கு விற்றன என்று தேடுங்கள். கேட்ட விலை அல்ல, விற்ற விலை. கேட்பது யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

நோட்டை வாங்குபவரிடம் காட்டுங்கள். கூட்டுத்தொகைக்காக அல்ல. எந்தத் தேதியில் எந்த போல்ட் என்று எழுதிவைத்தவர் பிரேக் பைப்பை ஏனோதானோ என்று மாட்டியிருக்க மாட்டார் என்பது அவருக்கே புரியும்.

யீஷூன்: இதைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவர முடியுமா?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். ஒரே முறை சொல்கிறேன்.

புதிதாகக் கட்டிய ரெப்ளிகா புதுக் கார் கணக்கில் வரும். 2017 செப்டம்பர் முதல் புது பெட்ரோல் கார்களுக்கு யூரோ 6 மாசு அளவு. கார்புரேட்டர் வைத்த கோப்ரா அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காது. பயன்படுத்திய கார் என்றால் மூன்று வயதுக்குள் இருக்க வேண்டும். "கிளாசிக் திட்டம் இருக்கிறதே அங்கிள்" என்பீர்கள். அதற்கு 35 வயது ஆக வேண்டும். 2004-இல் பிறந்த காருக்கு 1965 முகம் வைத்தாலும் வயது 2004-இலிருந்துதான். அந்தத் திட்டத்தில் வரும் நிஜக் கிழவர்களுக்கே வருடத்துக்கு 45 நாள்தான் சாலை.

எப்படியோ உள்ளே வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 427 கன அங்குலம் என்றால் 6,997 சிசி. சாதாரணக் காருக்கான சூத்திரத்தில் போட்டால் சாலை வரி மட்டும் வருடத்துக்கு 8,600 வெள்ளிக்கு மேல். சிஓஇ (கார் வைத்துக்கொள்ள ஏலத்தில் எடுக்கும் உரிமச் சான்று) பக்கம் நான் போகவே இல்லை. ஆகவே இங்கே நாம் பேசுவது அக்காள் வீடு, மாமா வீடு இருக்கும் ஊர்களில் நிற்கும் கார்களைப் பற்றி.

செங்காங்: ஹூஸ்டனில் இருக்கும் அண்ணன் 1970 ஷெவல் எஸ்எஸ் (ஷெவர்லேயின் ஷெவல் காரில் உசத்தி வகை) வாங்கப் போகிறான். விற்பவர் "அசல்" என்கிறார், பில்ட் ஷீட்டும் இருக்கிறதாம்.

இதற்கு உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் குளோனுக்கு மிகவும் வசதியான கார் இதுதான். 1966 முதல் 1968 வரை எஸ்எஸ் 396 என்றால் சேசிஸ் நம்பர் 138 என்று தொடங்கும், வேலை முடிந்தது. 1969 முதல் எஸ்எஸ் வெறும் ஆப்ஷன் ஆகிவிட்டது. 1970-இல் எஸ்எஸ்ஸும் 136, சாதா ஷெவலான மாலிபு வி8-உம் 136. நம்பரை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அது வாய் திறக்காது. பாண்டியாக் ஜிடிஓ கதை இதற்குத் தலைகீழ்: 1964, 65-இல் அது லெமான்ஸ் என்ற காரின் மேல் எடுத்த ஆப்ஷன், 1966 முதல்தான் 242 என்ற தனி எண். ஆனால் பாண்டியாக் தயாரிப்புப் பதிவேடுகள் பிழைத்திருக்கின்றன, காசு கட்டினால் நகல் தருவார்கள். ஃபோர்டுக்கு 1967 முதல் மார்ட்டி அறிக்கை (ஃபோர்டு தயாரிப்புப் பதிவேட்டிலிருந்து எடுத்துத் தருவது) இருக்கிறது. கிரைஸ்லர் காரர்கள் இன்னும் நல்லவர்கள், சேசிஸ் நம்பரின் ஐந்தாவது எழுத்திலேயே எஞ்சினைச் சொல்லிவிடுவார்கள். 1970-இல் அது ஆர் என்றால் ஹெமி என்ற பெரிய எஞ்சின். அமெரிக்காவில் விற்ற ஷெவலுக்கு இப்படி எதுவும் கிடையாது. அதனால்தான் பில்ட் ஷீட்டுக்கு இவ்வளவு மவுசு. தொழிற்சாலையில் காரோடு போன காகிதம் அது. பெட்ரோல் டேங்க் மேலேயும் சீட் ஸ்பிரிங்குக்குள்ளேயும் மறந்துவிட்டுப்போவார்கள்.

மவுசு இருந்தால் போலியும் இருக்கும். சில வருடம் முன் உறவினர் ஒருவருக்காக இப்படி ஒரு தாளைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நல்ல பழுப்பு நிறம். ஆனால் ஓரம் முதல் ஓரம் வரை ஒரே பழுப்பு. டேங்க் மேல் ஐம்பது வருடம் கிடந்த தாள் அப்படிப் பழுக்காது. மடிப்புக்கு வெளியே கறுக்கும், உள்ளே வெளிறும், ஸ்பிரிங் பட்ட இடத்தில் துருக் கோடு விழும். இதில் மடிப்பைத் தாண்டிக் கறை ஒரே சீராக ஓடியது. மூக்கருகே வைத்தேன். தேயிலை! விரித்துவைத்துத் தேத்தண்ணீர் ஊற்றிக் காயவைத்திருக்கிறார்கள். மடித்தது பிறகு.

அண்ணனிடம் சொல்லுங்கள்: "அசல்" என்பதை விற்பவர் ரசீதில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். போட்டால் அசல் விலையைப் பேசலாம். தயங்கினால் குளோன் விலை. அதாவது அதே நிலையில் இருக்கும் மாலிபுவின் விலை, அதற்கு மேல் நல்ல எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் பழைய சாமான் விலை. அவ்வளவுதான்.

பொங்கோல்: என் 2.3 லிட்டர் மஸ்டாங்குக்கு ஷெல்பி பேட்ஜும் கோடுகளும் போட்டால் விலை கூடுமா?

ஸ்டிக்கர் கடைக்காரருக்குக் கூடும்.

புக்கிட் பாத்தோக்: அங்கிள், இங்கே இறக்குமதி செய்ய…

யீஷூனுக்குச் சொன்ன பதில்.

ஜூரோங் வெஸ்ட்: நீங்கள் காகிதத்தைக் கும்பிடுகிறீர்கள். நான் 25 வருடம் கப்பல் பட்டறையில் வெல்டர். மெல்பர்னில் நண்பர் கட்டிய கமாரோ குளோனின் வெல்டிங் அசலைவிட நூறு மடங்கு சுத்தம். நல்ல காருக்கு ஏன் குறைந்த விலை?

வெல்டிங் சுத்தம் என்பதை ஏற்கிறேன். ஷெவர்லேகாரர்கள் 1969-இல் கமாரோவை வெல்டிங் செய்த அழகைப் பார்த்தால் உங்களுக்கு அழுகை வரும். ஆனால் விலை என்பது வேலைக்கான மதிப்பெண் இல்லை. 1967 இஸட்/28 என்ற உசத்தி வகைக் கமாரோ 602 மட்டும்தான் செய்தார்கள். நண்பர் 603-ஆவதைச் செய்ய முடியாது.

ஜூரோங் வெஸ்ட்: சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் 1827-இல் வந்தது. ஒவ்வொரு கும்பாபிஷேகத்துக்கும் வண்ணம் புதுசு, சிலைகளில் பூச்சுப் புதுசு. 2023-இல்கூட நடந்தது. யாராவது அது ரெப்ளிகா என்றார்களா?

அடேங்கப்பா! இதற்குள் மூன்று பேர் உங்கள் பக்கம் சேர்ந்துவிட்டார்கள். கிளமெண்டி அக்கா "கவரிங்கை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் கவரிங்தான்" என்று என் பக்கம். கோயிலுக்கு வருகிறேன். அது அதே இடத்தில் நிற்கிறது. ஒவ்வொரு முறையும் யார், எப்போது, என்ன செய்தார்கள் என்பதற்குச் சாட்சி ஊரே இருக்கிறது. தொடர்ச்சி அறுபடவில்லை. ரெப்ளிகா என்பது அதே கோயிலைப் பார்த்துச் செங்காங்கில் கட்டுவது. கும்பிடலாம், தப்பில்லை. 1827 என்று பலகை மாட்டக்கூடாது.

ஜூரோங் வெஸ்ட்: சரி. 1967 முதல் 69 வரையிலான கமாரோவுக்கு முழு உடலையே புதிதாக அடித்து விற்கிறார்கள். துருப்பிடித்த "அசல்" ஒன்றிலிருந்து சேசிஸ் நம்பர் தகடு, நாலு போல்ட், மற்றதெல்லாம் புதுத் தகடு. அது அசலா?

இப்போதுதான் சரியான இடத்தில் குத்தினீர்கள். என்னால் இங்கே சுத்தமாகக் கோடு போட முடியாது. தரைத் தகடு மாற்றினால் அசல். பின்பக்கத் தகடு இரண்டும் மாற்றினாலும் அசல் என்றுதான் சந்தை சொல்கிறது. முழு உடலும் மாறி, பழைய நம்பர் மட்டும் அதன் மேல் ஏறினால், என் கணக்கில் அது உங்கள் நண்பரின் காரைவிடக் கீழே. அவர் பொய் சொல்லவில்லையே. ஆகவே உங்கள் வாதத்தில் பாதியை ஒப்புக்கொள்கிறேன்: "அசல்" என்று வருவதிலும் எவ்வளவு பழைய தகடு மிச்சம் என்று கேட்டே ஆக வேண்டும். பலர் கேட்பதில்லை.

காலாங்: நண்பர் ஒருவரிடம் நசுங்கிப்போன 1969 காரின் பேப்பரும் சேசிஸ் நம்பர் தகடும் இருக்கிறது. அமெரிக்காவில் என் குளோனுக்கு மாட்டிக்கொள்ளச் சொல்கிறார்…

நம்பரில் கை வைக்காதீர்கள். ஜூரோங்காரரோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டியதே இதற்குத்தான். அமெரிக்காவில் சேசிஸ் நம்பரை மாற்றுவது மத்திய அரசுக் குற்றம். விலை கூடுவது இருக்கட்டும், காரையே தூக்கிக்கொண்டு போவார்கள். அந்த நண்பரோடு காப்பி மட்டும் குடியுங்கள்.

அங் மோ கியோ: சிட்னியில் தங்கையின் ரெப்ளிகாவுக்குக் காப்புறுதி. 'சந்தை மதிப்பு', 'ஒப்புக்கொண்ட மதிப்பு' என்று இரண்டு கேட்கிறார்கள்.

ஒப்புக்கொண்ட மதிப்பு, அதாவது இப்போதே பேசி எழுதிவைக்கும் தொகை. யோசிக்கவே வேண்டாம். சந்தை மதிப்பு என்று எடுத்தால், கார் எரிந்த பிறகு என்னைப் போல ஒருவன் வந்து நின்று "இது என்ன கார்?" என்று தலையைச் சொறிவான். பட்டியலில் இல்லாத காருக்குச் சர்வேயர் கை எப்போதும் கீழ்நோக்கித்தான் போகும், நானே அதைச் செய்திருக்கிறேன். பாரத்தில் மறக்காமல் ரெப்ளிகா என்று எழுதச் சொல்லுங்கள். அசல் என்று எழுதிவிட்டு இழப்பீடு கேட்டால் ஒரு வெள்ளிகூட வராது.

பாசிர் ரிஸ்: 1:18 அளவு பொம்மை ஷெல்பி, பெட்டியோடு. என்ன விலை?

பொம்மை சேகரிப்பவர்களிடம் கேளுங்கள். பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்.

உட்லண்ட்ஸ்: ஜோகூரில் பதிவு செய்து வைத்துக்கொண்டு வார இறுதியில் இங்கே ஓட்டிவந்தால்?

சிங்கப்பூரரும் நிரந்தரவாசியும் வெளிநாட்டுப் பதிவு வண்டியை இங்கே ஓட்டக்கூடாது. அந்தப் பக்கத்துச் சட்டம் எனக்குத் தெரியாது, அங்கேயே விசாரியுங்கள்.

ஹவ்காங்: இறக்குமதி செய்தால் தோராயமாக எவ்வளவு…

யீஷூன். யீஷூன். யீஷூன்.

தோ பாயோ: சான் ஹோசேயில் மகன் பார்த்த ஷெவலின் எஞ்சின் நம்பர் படம் அனுப்பியிருக்கிறேன். சேசிஸ் நம்பரோடு பொருந்துகிறது. வாங்கச் சொல்லவா?

பொருந்துவது எனக்கும் தெரிகிறது. ஆனால் எழுத்துகளுக்குப் பின்னால் இருக்கும் இரும்பைப் பாருங்கள், கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. தொழிற்சாலையில் அந்தச் சமதளத்தைச் செதுக்கும்போது மெல்லிய கோடுகள் ஒரே திசையில் விழும். அதைத் தேய்த்துவிட்டுப் புது நம்பர் அடித்தால் கோடுகள் போய்விடும். ஆனால் உங்கள் படத்தில் பிளாஷ் வெளிச்சம் வேறு விழுந்திருக்கிறது, அதை நம்பி ஒருவரைத் திருடன் என்று சொல்ல மாட்டேன். மகனை மறுபடி போகச் சொல்லுங்கள். பிளாஷ் வேண்டாம், டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்கட்டும். அப்படியே பிளாக்கில் வார்ப்புத் தேதி இருக்கும், அதையும் எடுக்கட்டும். கார் கோத்த தேதிக்குப் பிறகு பிளாக் வார்த்திருந்தால் மற்ற படமே வேண்டாம். இரண்டும் வரும்வரை முன்பணம் கொடுக்க வேண்டாம். நான் ராத்திரி பத்து மணிவரை முழித்திருப்பேன்.