அப்பாவுக்கு எந்தப் படத்தைப் போடுவது?

எழுபது வயது அப்பாவுக்கு வெட்டுக்குத்து ஆகாது. 'மகாராஜா', 'மெய்யழகன்', 'லப்பர் பந்து' மூன்றில் எதை வீட்டில் போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

'மகாராஜா' வேண்டவே வேண்டாம். திரைக்கதை கெட்டிதான்; ஆனால் அதில் வரும் கொடுமைகளைப் பெற்றவர்களோடு உட்கார்ந்து பார்க்க முடியாது.

என் ஓட்டு 'மெய்யழகன்' படத்துக்கு. தஞ்சாவூரில் பூர்வீக வீட்டை இழந்து சென்னைக்குப் போனவர், பல வருடம் கழித்துத் தங்கையின் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். அவர் கொடுத்த நகைகளைத் தங்கை மேடையிலேயே பிரித்து அணிந்துகொள்ளும் இடத்தில் அரவிந்த்சாமியின் முகத்தைப் பாருங்கள். வசனமே தேவைப்படவில்லை. இரண்டாம் பாதியில் அந்தக் குறையைக் கார்த்தி தீர்த்துவைக்கிறார்: ஜல்லிக்கட்டு, சோழர் வரலாறு என்று ஓயாத பேச்சு. படம் வெளியான பிறகு சுமார் 18 நிமிடங்களை வெட்டினார்கள். இன்னும் கொஞ்சம் வெட்டியிருக்கலாம்.

'லப்பர் பந்து' கிரிக்கெட் மைதானத்தில் மாமனாருக்கும் மருமகனாக வரப்போகிறவனுக்கும் நடக்கும் வீம்புச் சண்டை. சாதியைப் பற்றியும் பிரசங்கம் இல்லாமல் பேசுகிறது. படத்தில் அந்த மாமனார் விஜயகாந்த் ரசிகர்; உங்கள் அப்பாவும் அப்படியென்றால் யோசிக்காமல் இதையே முதலில் போடுங்கள்.