அக்குபஞ்சர் செய்தும் ஓடினால் ஷின் ஸ்பிளின்ட்ஸ் வலி திரும்புகிறது: பதில்

ஷின் ஸ்பிளின்ட்ஸ், அதாவது ஓடுவதால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் உள்விளிம்பில் வரும் வலிக்கு, அக்குபஞ்சர் செய்தும் ஓடினால் திரும்புகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அக்குபஞ்சரை நிறுத்த வேண்டாம், ஓட்டத்தை நிறுத்துங்கள். இரண்டு நாள் வலி குறைந்து, ஓடியதும் திரும்புகிறது என்றால், ஊசி வலியைத் தணிக்கிறது, எலும்பின் மேல் விழும் சுமை அப்படியே இருக்கிறது. ஓடும் தூரத்தைத் திடீரென இரட்டிப்பாக்கியதாக எழுதியிருக்கிறீர்கள். காரணம் பெரும்பாலும் அதுதான்.

முதலில் இதைப் பாருங்கள். கணுக்காலிலிருந்து மேல்நோக்கி, முன்னெலும்பின் உள்விளிம்பை விரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். 5 செ.மீ.க்கு மேல் பரவலாக வலித்தால் அநேகமாக ஷின் ஸ்பிளின்ட்ஸ். ஒரே புள்ளியில் சுரீரென்றாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ எலும்பில் நுண்விரிசல் இருக்கலாம். எலும்பு மருத்துவரிடம் போய்விடுங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்-ரேயில் தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐ கேட்கலாம்.

பரவலான வலிதான் என்றால், வேகமாக நடந்தாலும் வலிக்காத நிலை வரும்வரை சைக்கிளோ நீச்சலோ போதும். துணி சுற்றிய ஐஸ் 15 நிமிடம் வையுங்கள். வலி அடங்கியதும், முழங்காலைச் சற்று மடக்கி நின்று குதிகாலை மெல்ல உயர்த்தி இறக்குங்கள். கெண்டைச் சதைக்கு அடியில் இருக்கும் சோலியஸ் தசை இதில்தான் நன்றாக வலுப்படும். தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள். மறுபடி ஓடும்போது பழைய தூரத்தில் பாதிக்கு மேல் வேண்டாம், காலடிகளும் சிறிதாக இருக்கட்டும்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால், ஊசி குத்துபவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.